ஒரு செல்லுக்கு ஒரு துளி

எதிர்ப்பொருள் சுரக்கும் ஒரு செல், ஒரே வகை எதிர்ப்பொருளைத்தான் சுரக்குமா, பல வகைகளையும் சுரக்குமா? 1957இல் நோயெதிர்ப்பியல் ஆய்வாளர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்ற கேள்வி இது. உடலுக்குள் நுழையும் அந்நியப் பொருளே அச்சாக அமைந்து தனக்கேற்ற எதிர்ப்பொருளை வார்த்தெடுத்துக்கொள்கிறது என்றது ஒரு கட்சி. லைனஸ் பாலிங் போன்ற பெரிய வேதியியலாளரே 1940இல் அப்படித்தான் எழுதியிருந்தார். அந்தக் கணக்குப்படி எந்தச் செல்லும் எதையும் சுரக்கலாம். மெல்போர்னில் வால்டர் அண்ட் எலைசா ஹால் ஆய்வு நிலையத்தின் இயக்குநராக இருந்த ஃபிராங்க் மேக்ஃபார்லேன் பர்னெட் இதை ஏற்கவில்லை. ஒவ்வொரு செல்லும் ஒரே ஒரு எதிர்ப்பொருளுக்கென்று முன்கூட்டியே அமைந்தது, கிருமி தனக்குப் பொருந்துகிற செல்லைத் தூண்டிப் பெருக வைக்கிறது, அவ்வளவுதான் என்றார்.

பர்னெட்டிடம் அப்போது கஸ்டாவ் நோசல் என்ற 26 வயது மருத்துவர் ஆய்வுக்குச் சேர்ந்திருந்தார். தலைவரின் கொள்கை தவறென்று நிரூபித்துவிடலாம் என்ற எண்ணத்தில்தான் அவர் சோதனையில் இறங்கினார். அதே ஆண்டு அமெரிக்காவிலிருந்து சில மாதங்களுக்கு வந்திருந்த ஜோஷுவா லெடர்பெர்க் அதற்கு வழி சொன்னார். எண்ணெய்க்கு அடியில் மிகச் சிறிய நீர்த்துளி ஒன்றை வைத்து, அதற்குள் ஒரே ஒரு செல்லை அடைத்துவிடுவது என்பதே அந்த வழி.

துளி எதற்கு? ஒற்றைச் செல் சுரப்பது மிகமிகக் குறைவு. அதை ஒரு மில்லிலிட்டர் நீரில் போட்டு வைத்தால், சுரந்தது அத்தனையும் நீர்த்துப்போய் எந்தச் சோதனைக்கும் அகப்படாது. அதே செல்லை 40 பிகோலிட்டர் துளிக்குள் அடைத்தால் அதே சுரப்பு 2.5 கோடி மடங்கு செறிவாக நிற்கும். பிகோலிட்டர் என்பது லிட்டரில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. 40 பிகோலிட்டர் துளியின் விட்டம் சுமார் 42 மைக்ரான், அதாவது தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. பார்க்கும் கருவியைக் கூர்மையாக்க முடியாதபோது, பார்க்கப்படும் பொருள் இருக்கிற பாத்திரத்தைச் சிறிதாக்கிவிட்டார்கள். சுற்றியுள்ள எண்ணெய் இரண்டு வேலை செய்கிறது: துளி ஆவியாகாமல் காக்கிறது, பக்கத்துத் துளியின் சுரப்பு இங்கே வந்து கலக்காமல் தடுக்கிறது.

சோதனையின் நடைமுறை எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. இரண்டு வெவ்வேறு சால்மொனெல்லா வகைகளின் எதிர்ப்பொருள் தூண்டிகளை ஒரே எலிக்குச் செலுத்தினார்கள். நிணநீர்க் கணுவை எடுத்து, செல்களைப் பிரித்து, திரும்பத் திரும்பக் கழுவினார்கள். பிறகு நுண்ணோக்கியில் கண்ணை வைத்தபடி, மிக மெல்லிய கண்ணாடிக் குழாயால் ஒரு துளிக்கு ஒரு செல்லாக எடுத்து வைத்தார்கள். சில மணி நேரம் உடல் வெப்பத்தில் வைத்திருந்த பின், முதல் வகை சால்மொனெல்லாவில் சிலவற்றைத் துளிக்குள் விட்டுப் பார்த்தார்கள். சால்மொனெல்லா கசையிழையால் நீந்தும் பாக்டீரியா. துளிக்குள் அதற்கெதிரான எதிர்ப்பொருள் இருந்தால் கசையிழைகள் பின்னிக்கொண்டு அது நின்றுவிடும், இல்லாவிட்டால் நீந்திக்கொண்டே இருக்கும். பாக்டீரியாவே அளவுகருவியாக வேலை செய்தது. அடுத்து இரண்டாம் வகையை விட்டு அதையும் பார்த்தார்கள்.

சில நூறு செல்களை இப்படிப் பார்த்தார்கள். சில செல்கள் முதல் வகையை நிறுத்தின, சில இரண்டாவதை நிறுத்தின. இரண்டையும் நிறுத்திய செல் ஒன்றுகூட இல்லை. நோசலும் லெடர்பெர்க்கும் 1958இல் 'நேச்சர்' இதழில் இதை வெளியிட்டார்கள். தலைவரை மறுக்கப் போனவர், அவர் சொன்னதற்குச் சான்றோடு திரும்பினார். ஒரு செல், ஒரு எதிர்ப்பொருள் என்ற அடிப்படை அங்கிருந்துதான் ஊன்றியது.

இன்று நுண்வாய்க்கால்கள் பதித்த ஒரு சில்லில் விநாடிக்கு ஆயிரம் துளிகள் தெறித்து ஓடுவதைப் பார்த்து வியக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சிறிய பாத்திரம், எண்ணெய்ச் சுவர், உள்ளே தனிச் செல், வெளியிலிருந்து காணக்கூடிய ஓர் அடையாளம் ஆகிய நான்கும் மெல்போர்னிலேயே முழுமையாக இருந்தன. இல்லாமல் போனது எண்ணிக்கை. துளியை மனிதக் கை செய்தது. கைக்கு எத்தனை பொறுமை உண்டோ அத்தனை துளிதான் கிடைத்தது.

எண்ணிக்கையைக் கூட்டும் முயற்சிகள் சீக்கிரமே தொடங்கிவிட்டன. 1961இல் போரிஸ் ராட்மன் நொதிக் கரைசலைச் சிலிக்கோன் எண்ணெயில் தெளிப்பானால் தெளித்து, துளிகளில் ஒளிரும் வினையை அளந்து, ஒற்றை நொதி மூலக்கூறின் வேலையையே காட்டினார். 1998இல் கேம்பிரிட்ஜில் டான் டௌஃபிக்கும் ஆண்ட்ரூ கிரிஃபித்ஸும் நீரையும் எண்ணெயையும் கலக்கிப் பால்மமாக்கி, ஒவ்வொரு நுண்துளியிலும் ஒரு மரபணு வீதம் அடைத்தார்கள். மரபணு துளிக்குள்ளேயே தன் புரதத்தைச் செய்தது. செல்லே இல்லாமல், துளியே செல்லாக நின்றது. ஒரு மில்லிலிட்டரில் 1000 கோடி துளிகள். எண்ணிக்கை ஒரே தாவலில் வானத்துக்குப் போய்விட்டது.

ஆனால் கலக்கிச் செய்த துளிகள் ஒரே அளவில் இருக்காது. ஒன்றைவிட மற்றது விட்டத்தில் இரண்டு மடங்கு என்றால் கொள்ளளவில் எட்டு மடங்கு. இந்தத் துளி பிரகாசமாக ஒளிர்கிறது என்றால், உள்ளே நல்ல நொதி இருப்பதாலா, துளி பெரிதாக இருப்பதாலா? சொல்ல முடியாது. ஒரு துளியை இன்னொன்றோடு ஒப்பிட முடியாத இடத்தில் கோடிக்கணக்கில் துளிகள் இருந்தும் அளவீட்டுக்குப் பயனில்லை. நோசலின் கைத்துளிக்கும் கேம்பிரிட்ஜின் கலக்கல் துளிக்கும் நடுவே, எண்ணிக்கையும் சம அளவும் சேர்ந்து கிடைக்கும் ஒரு வழி வேண்டியிருந்தது.

2001இல் கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் ஸ்டீஃபன் குவேக்கின் குழு அதைக் காட்டியது. ஆங்கில 'டி' எழுத்து வடிவில் சந்திக்கும் இரண்டு நுண்வாய்க்கால்கள். நேர் வாய்க்காலில் எண்ணெய் ஓடுகிறது, பக்கவாட்டில் நீர் வந்து சேர்கிறது. நீர் தலை நீட்டியதும் எண்ணெய் அதைத் தள்ளிக் கழுத்தை இறுக்கி அறுத்துவிடுகிறது. அறுந்தது துளி. அடுத்த தலை நீள்கிறது, அதுவும் அறுகிறது. எண்ணெய்க்கும் நீருக்கும் கொடுக்கும் அழுத்தத்தை மாற்ற மாற்ற, துளிகள் நாடாவாகவும் முத்துச்சரமாகவும் தாமே வரிசை கட்டின. இரண்டு ஆண்டில், 2003இல், ஷெல்லி அன்னாவும் ஹோவர்ட் ஸ்டோனும் சேர்ந்த குழு இன்னொரு வடிவத்தைக் கொடுத்தது: நடுவில் நீர், இருபுறமும் எண்ணெய், மூன்றும் ஒரு குறுகிய வாய்வழியே சேர்ந்து நுழைய வேண்டும். இன்று பெரும்பாலான ஆய்வகங்களில் ஓடுவது இந்த வடிவம்தான்.

துளிகள் ஏன் இவ்வளவு சமமாக வருகின்றன? அகலமான குழாயில் வேகமாக ஓடும் நீர் சுழன்று குழம்பும், எப்போது எப்படி உடையும் என்று சொல்ல முடியாது. சில பத்து மைக்ரான் அகல வாய்க்காலில் நீரின் வேகத்தை அதன் பிசுக்குமையே அடக்கிவிடுகிறது, குழப்பமே எழுவதில்லை. எனவே ஒரு துளி அறுந்த அதே சூழலில்தான் அடுத்ததும் அறுகிறது. அளவைத் தீர்மானிப்பது வாய்க்காலின் அகலமும் இரண்டு திரவங்களின் ஓட்ட விகிதமும். அதை ஒருமுறை அமைத்துவிட்டால் போதும், செய்பவரின் கை நடுக்கம் எங்கும் நுழைய இடமில்லை.

சில்லைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள் கணினிச் சில்லு போன்ற ஒன்றை மனதில் வைத்திருப்பார்கள். கையில் எடுத்தால் அது கண்ணாடித் தகட்டில் ஒட்டிய ஒரு தெளிவான ரப்பர் துண்டு. 1990களில் ஹார்வர்டின் ஜார்ஜ் வைட்சைட்ஸ் குழு பரப்பிய முறை இது. சிலிக்கான் தகட்டில் வாய்க்காலின் அச்சை ஒளியால் செதுக்கி, அதன் மேல் பி.டி.எம்.எஸ். என்ற சிலிக்கோன் ரப்பரை ஊற்றி, அடுப்பில் இறுக வைத்து, உரித்தெடுத்து, துளையிட்டு, கண்ணாடியில் ஒட்டுகிறார்கள். ஒரு அச்சிலிருந்து எத்தனையோ சில்லுகளை எடுக்கலாம். இந்த மலிவுதான் துறையைப் பரப்பியது.

ஒட்டியதும் சில்லு தயாராகிவிடுவதில்லை. வாய்க்காலின் சுவரை நீர் நனைத்தால் துளி அறாது, நீர் சுவரோடு ஒட்டிக்கொண்டு நீளும். எனவே சுவர் நீரை வெறுக்க வேண்டும். அதற்குப் பல ஆய்வகங்கள் பயன்படுத்துவது அக்வாபெல். கார் கண்ணாடியில் மழைநீர் வழிந்தோடுவதற்காகக் கடையில் விற்கும் பூச்சு அது. சிரிஞ்சில் எடுத்து வாய்க்கால் வழியே செலுத்தி, காற்றால் ஊதி உலர்த்திவிடுவார்கள். அடுத்த எதிரி தூசி. வாய்க்காலின் நுழைவாயிலில் சிறு தூண்களை வரிசையாக நிறுத்தி வடிகட்டியாக வைத்திருந்தாலும், ஒரு நூலிழை உள்ளே போய் வாய்ப்பகுதியில் குறுக்கே விழுந்துவிட்டால் அந்தச் சில்லு குப்பைக்குத்தான். சிரிஞ்சைத் தள்ளும் மோட்டார் அடி அடியாக நகர்வதுகூடத் துளியளவில் தெரியும். ஓட்டம் நிதானப்படும் வரை முதலில் வருகிற துளிகளைச் சேர்ப்பதில்லை.

கொண்டாட்டமெல்லாம் சில்லுக்குத்தான் போகிறது. என் கருத்தில், துளிகளை உருவாக்கியதைவிடப் பெரிய வேலை, உருவான துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்துவிடாமல் காத்தது. இரண்டு துளிகள் முட்டினால் ஒன்றாகிவிடுவது அவற்றின் இயல்பு, பரப்பு இழுவிசை அதைத்தான் விரும்புகிறது. லட்சக்கணக்கான துளிகளை ஒரு குழாயில் அடுக்கி வெப்பமூட்டி, மணிக்கணக்கில் வைத்து, மறுபடியும் சில்லுக்குள் செலுத்த வேண்டுமென்றால் ஒவ்வொன்றுக்கும் உறுதியான மேலுறை வேண்டும். அந்த உறை சோப்பு போன்ற மூலக்கூறு, ஒரு முனை நீரைப் பிடிக்கும், மறுமுனை எண்ணெயைப் பிடிக்கும். மெல்போர்னில் பயன்பட்டது கனிம எண்ணெய். ஆனால் அத்தகைய எண்ணெயில் சிலிக்கோன் ரப்பர் ஊறி ஊதிவிடும். ஃபுளோரின் சேர்ந்த எண்ணெயில் ரப்பர் ஊதாது, ஆக்சிஜன் நன்கு கரையும், உள்ளே இருக்கும் செல் மூச்சுத்திணறாது. அதற்கேற்ற சோப்பு கிடைப்பதுதான் பாடாக இருந்தது. முதலில் பயன்பட்ட சோப்பின் தலை மின்னேற்றம் கொண்டது, அது புரதங்களைப் பற்றிச் சிதைத்தது, செல்லைக் கொன்றது. 2008இல் ஹார்வர்டின் டேவிட் வைட்ஸ் குழுவும் பிறரும் சேர்ந்து, ஃபுளோரின் வால்கள் இரண்டுக்கு நடுவே பாலி எத்திலீன் கிளைக்கால் தலை கொண்ட ஒரு சோப்பை வெளியிட்டார்கள். செல்கள் உயிரோடு இருந்தன, துளிகள் தனித்தனியாக நின்றன. துளிச் சில்லு உயிரியலுக்குள் நுழைந்தது அதற்குப் பிறகுதான்.

அன்றைய கனிம எண்ணெய் நீரைவிட இலேசானது, துளி அடியில் உட்கார்ந்திருந்தது. இன்றைய ஃபுளோரின் எண்ணெய் நீரைவிட மிகக் கனமானது. சேகரிப்புக் குழாயில் துளிகள் பாலாடை போல மேலே திரண்டு வெண்மையாக மிதக்கும். அந்த வெண்மை கெட்டு, தெளிந்த நீராக ஒரு படலம் பிரிந்து தெரிந்தால் துளிகள் உடைந்துவிட்டன என்று அர்த்தம்.

அன்று துளிக்குள் எதையாவது சேர்க்க வேண்டுமென்றால் நுனி மெல்லிய குழாயைத்தான் கொண்டுபோக வேண்டும். இன்று மின்புலம். இரண்டு துளிகள் அருகருகே வரும்போது மின்புலத்தைக் கொடுத்தால் இடையிலுள்ள சோப்புப் படலம் கிழிந்து ஒன்றாகின்றன. ஓடிக்கொண்டிருக்கும் துளிக்குள் பக்கத்து வாய்க்காலிலிருந்து ஒரு சிறு அளவை ஊசி போட்டாற்போலச் செலுத்தலாம். லேசர் ஒளியில் ஒவ்வொரு துளியாகக் கடக்கும்போது அதன் ஒளிர்வை அளந்து, தேவையான துளி வந்த கணத்தில் மின்புலத்தை இயக்கி அதை மட்டும் வேறு வாய்க்காலுக்கு இழுக்கலாம். 2010இல் ஹார்வர்டில் ஜெரெமி அக்ரெஸ்டியும் சகாக்களும் இப்படி 10 மணி நேரத்தில் சுமார் 10 கோடி நொதி வினைகளைச் சோதித்து, 10 மடங்குக்கு மேல் வேகமாக வேலை செய்யும் மாற்று நொதிகளைப் பிரித்தெடுத்தார்கள். ரோபோ தட்டுகளில் செய்வதைவிட இது 1000 மடங்கு வேகம், செலவில் 10 லட்சத்தில் ஒரு பங்கு என்று அவர்களே கணக்குக் கொடுத்தார்கள்.

எண்ணிக்கை வந்ததும் ஒன்று கைநழுவியது. நோசல் தன் துளியில் ஒரு செல் இருப்பதைக் கண்ணால் பார்த்து வைத்தார். சில்லில் எந்தத் துளிக்குள் எந்தச் செல் போகும் என்பது தற்செயல். சராசரியாக 10 துளிக்கு ஒரு செல் என்று நீர்த்துச் செலுத்தினால் 100 துளிகளில் 90 வெறுமையாக இருக்கும், 9இல் ஒரு செல் இருக்கும், ஒன்றுக்கும் குறைவானதில் இரண்டோ அதற்கு மேலோ இருக்கும். இரட்டையைத் தவிர்ப்பதற்காக வெறுமையை ஏற்றுக்கொள்கிறார்கள். 2015இல் பாஸ்டன் பகுதியின் இரண்டு குழுக்கள், துளிக்குள் செல்லோடு ஒரு மணியையும் அடைத்து, மணியில் கோத்த மரபெழுத்து முகவரியை அந்தச் செல்லின் ஆர்.என்.ஏ.க்களில் ஒட்டின. ஒரு குழு அந்த முறையில் சுண்டெலியின் விழித்திரையிலிருந்து 44,808 செல்களை எடுத்து 39 வகையாகப் பிரித்தது. மற்றக் குழு மென்மையான ஜெல் மணிகளை நெருக்கி அடுக்கி ஒன்றன்பின் ஒன்றாக நுழையவிட்டதால், மணி விஷயத்திலாவது தற்செயலை வெல்ல முடிந்தது. செல் விஷயத்தில் பழைய கணக்குதான்.

ஒன்று மட்டும் என்னை நெருடிக்கொண்டிருந்தது. லேசரைக் கடக்கும் துளியை ஆயிரத்தில் ஒரு விநாடிக்கும் குறைவாகவே பார்க்க முடியும். அந்தக் கணத்தில் எவ்வளவு ஒளிர்ந்தது என்ற ஓர் எண் மிஞ்சும், துளி போய்விடும். பாக்டீரியா நீந்துகிறதா நின்றதா என்று துளிக்குள் காத்திருந்து பார்த்த அந்தப் பார்வை எங்கே? 2017இல் பாரிசில் இதற்கு விடை வந்தது. கேம்பிரிட்ஜில் பால்மம் கலக்கிய அதே கிரிஃபித்ஸும் அந்தக் குழுவில் இருந்தார். 40 பிகோலிட்டர் துளிகளைப் பல்லாயிரக்கணக்கில் செய்து, ஓடவிடாமல் ஒரு தட்டையான அறையில் ஒற்றை அடுக்காக நிறுத்திவைத்தார்கள். ஒவ்வொரு துளிக்குள்ளும் காந்த நுண்துகள்கள் இருந்தன, செல் விழுந்த துளிகளில் ஒரு செல்லும் இருந்தது. வெளியே காந்தத்தை வைத்ததும் துகள்கள் துளியின் நடுவே ஒரு கோடாகத் திரண்டன. செல் சுரக்கும் எதிர்ப்பொருள் அந்தக் கோட்டில் போய் ஒட்டியது, அதைப் பற்றும் ஒளிரும் பொருளும் துளி முழுவதிலிருந்தும் நகர்ந்து கோட்டுக்கு வந்தது. கேமரா திரும்பத் திரும்ப அதே துளிக்கு வந்து, கோடு எவ்வளவு வேகமாகப் பிரகாசமாகிறது என்று பார்த்தது. அதிலிருந்து அந்த ஒரே செல்லின் சுரப்பு வேகமும், அதன் எதிர்ப்பொருள் இலக்கை எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது என்பதும் தெரிந்தன. டெட்டனஸ் தடுப்பூசி போட்ட சுண்டெலிகளில் 7 வாரங்களில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட செல்களை இப்படிப் பார்த்தார்கள்.

மெல்போர்ன் கேள்விக்கு அன்று கிடைத்த விடை ஆம் அல்லது இல்லை என்பதுதான். அதற்கு மேல் துளி சொல்லவில்லை. இப்போது அதே துளி, எவ்வளவு, எத்தனை வேகத்தில், எத்தனை இறுக்கமாக என்றும் சொல்கிறது. ஒரே தடுப்பூசிக்குப் பதில் சொல்லும் செல்களுக்குள்ளேயே பிடிமானத்தில் 10,000 மடங்கு வரை வேறுபாடு இருக்கிறது என்பது சில நூறு செல்களை வைத்துக்கொண்டு காண முடியாத செய்தி.

இன்னொரு திருப்பம் 2018இல் வந்தது. ஆடம் அபேட்டின் சான் ஃபிரான்சிஸ்கோ குழு, சம அளவான ஜெல் மணிகளை நீரில் ஊறவைத்து, எண்ணெயும் சோப்பும் சேர்த்து, எந்த ஆய்வகத்திலும் இருக்கும் வோர்டெக்ஸ் கலக்கியில் கலக்கியது. ஒவ்வொரு மணியும் தன்னைச் சுற்றிச் சிறிது நீரைப் பிடித்துக்கொண்டு ஒரு துளியானது. மணிகள் சமமானவை, அதனால் துளிகளும் சமம். துறை மறுபடியும் கலக்கலுக்கே வந்திருக்கிறது, ஆனால் எட்டு மடங்கு வேறுபாடு இல்லாத கலக்கல். மணிகளைச் செய்யத்தான் எங்கோ ஒரு இடத்தில் சில்லு வேண்டும். பயன்படுத்துகிறவருக்கு சிரிஞ்ச் பம்பு வேண்டாம், தூசியோடு போராட வேண்டாம். பெரிய கருவிகளை வாங்க முடியாத கல்லூரி ஆய்வகங்களுக்கு இதுவே சரியான வாசல் என்று நினைக்கிறேன்.

ஆனால் எண்ணெய் விஷயத்தில் நிலைமை இறுகிவருகிறது. துளித் துறையில் மிகப் பரவலாகப் பயன்படும் ஃபுளோரின் எண்ணெயைத் தயாரித்துவந்த 3எம் நிறுவனம், அழியாத ஃபுளோரின் சேர்மங்களின் தயாரிப்பை 2025 இறுதிக்குள் நிறுத்துவதாக 2022 டிசம்பரில் அறிவித்தது. நீரிலும் மண்ணிலும் இந்தச் சேர்மக் குடும்பம் சிதையாமல் தங்குகிறது என்பதால் ஐரோப்பாவில் 2023இல் ஐந்து நாடுகள் சேர்ந்து கட்டுப்பாட்டு முன்மொழிவைக் கொடுத்தன. கட்டுப்பாடு நியாயமானது. மாற்று எண்ணெய்க்கோ நிபந்தனைகள் பல: செல்லுக்கு ஆக்சிஜன் கிடைக்க வேண்டும், துளியிலுள்ள சிறு மூலக்கூறுகள் பக்கத்துத் துளிக்குக் கசியக் கூடாது, சிலிக்கோன் ரப்பர் ஊதக் கூடாது. ஜெல் மணி முறையில் பயன்படுத்துகிறவரிடம் ரப்பர்ச் சில்லே இல்லை, ஆகவே மூன்றாவது நிபந்தனை அங்கே விழுந்துவிடுகிறது. ஃபுளோரின் இல்லாத எண்ணெய்களை முதலில் அந்த முறையில்தான் முயன்று பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம்.